தாது வருஷப் பஞ்சம் எப்போது முடிந்தது?

1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தார்கள். பத்து ஆண்டு கழித்து எண்ணியபோது 16 லட்சத்தைத் தொடவில்லை. அதே பத்து ஆண்டில் தஞ்சாவூர் மாவட்டம் 19 லட்சத்து 70 ஆயிரத்திலிருந்து வளர்ந்து 21 லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஒரே மாகாணம், ஒரே கவர்னர். காவிரியும் ஒன்றுதான், இரண்டு மாவட்டத்தையும் தொட்டுக்கொண்டுதான் ஓடியது. அன்றைய சேலம் என்பது இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேர்ந்த பெரிய மேட்டுப்பூமி. ஆறு பக்கத்தில் ஓடினாலும் தண்ணீர் வயலுக்கு ஏறாது. மேட்டூர் அணை 1934இல்தான் வந்தது.

இடையில் நடந்தது தாது வருஷப் பஞ்சம். பள்ளிக்கூட நோட்ஸில் இதற்கு ஒரு பாரா கிடைக்கும்: 1876 முதல் 1878 வரை, மழை பொய்த்தது, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 55 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு, பிறகு பஞ்சக் குழு அமைக்கப்பட்டது. பத்து மார்க் கேள்வியென்றால் அதையே "பொருளாதாரக் காரணங்கள்", "சமூகக் காரணங்கள்", "நிர்வாகக் காரணங்கள்" என்று பிரித்து எழுதச் சொல்வார்கள். வரலாற்றைப் பல கோணங்களில் பார்ப்பது என்றால் இப்படி ஒரே நிகழ்வைத் தலைப்புவாரியாக டப்பாக்களில் போட்டு மூடுவது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோணம் மாறும்போது காரணம் மட்டும் மாறுவதில்லை. பஞ்சம் எந்தத் தேதியில் தொடங்கியது, எங்கே முடிந்தது, செத்தது யார், கதையின் முக்கியப் பாத்திரம் யார் என்பதெல்லாம் சேர்ந்து மாறுகிறது.

பெயரிலேயே ஒரு கோணம் இருக்கிறது. பஞ்சாங்கப்படி தாது வருஷம் 1876 ஏப்ரலில் பிறந்து 1877 ஏப்ரலில் முடிந்தது. ஆனால் சாவு மிகுந்த மாதங்கள் 1877இன் பிற்பகுதியில் வந்தன. அது ஈஸ்வர வருஷம். மழை ஏமாற்றிய ஆண்டின் பெயரைத்தான் ஜனங்கள் பஞ்சத்துக்கு வைத்தார்கள், பிணம் விழுந்த ஆண்டின் பெயரை அல்ல. விவசாயியின் கண்ணில் விதைத்தது முளைக்காத அன்றே பஞ்சம் வந்துவிட்டது. அதிகாரிகளின் கண்ணில், நிவாரணச் செலவுக்கு ஒப்புதல் கேட்டுக் கடிதம் எழுதிய அன்று வந்தது.

வானத்திலிருந்து தொடங்குவோம். 1876இல் தென்மேற்குப் பருவமழை தக்காணத்தைக் கைவிட்டது. அதை மட்டுமே நம்பியிராத தமிழ் மாவட்டங்களை வடகிழக்குப் பருவமழை கைவிட்டது. அடுத்த ஆண்டு தென்மேற்கு மறுபடியும் சரியாகப் பெய்யவில்லை. ஏறக்குறைய இதே ஆண்டுகளில் வட சீனாவில் பெரும் பஞ்சம், பிரேசிலின் வடகிழக்கில் இருக்கும் சியாராவில் கொடும் வறட்சி, எகிப்தில் நைல் வெள்ளம் குறைந்துபோனது. இவ்வளவு தொலைவில் இருக்கும் ஊர்கள் ஏன் ஒன்றாகக் காய்ந்தன என்பதற்கு அன்று யாரிடமும் பதில் இல்லை. இந்திய வானிலைத் துறையே 1875இல்தான் பிறந்திருந்தது. புள்ளிவிவரத் துறைத் தலைவராக இருந்த டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர், சென்னையின் மழைக் கணக்கை எடுத்துவைத்து, சூரியப் புள்ளிகள் பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதோடு அதைப் பொருத்திப் பார்த்து 1877இல் ஒரு சிறு நூலே வெளியிட்டார். ஆட்சியாளருக்கு வசதியான கோட்பாடு. சூரியனில் புள்ளி விழுந்தால் வைஸ்ராய் என்ன செய்ய முடியும்?

பிற்பாடு, 1904இல் வானிலைத் துறைக்கு வந்த கில்பர்ட் வாக்கர் உலகெங்கும் இருந்த அழுத்தக் கணக்குகளைத் தொகுத்து, பசிபிக் கடலின் ஒரு முனையில் அழுத்தம் ஏறினால் மறுமுனையில் இறங்கும் ஊசலாட்டத்தை 1920களில் விவரித்தார். அந்த ஊசலாட்டத்தோடு சேர்ந்து பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் கட்டத்தை இன்று எல் நினோ என்கிறோம். 1877-78இல் வந்தது, கணக்கு தெரிந்தவற்றில் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று. ஆகவே "எல் நினோ கொன்றது" என்று எழுதிவிடுவது இப்போதைய வழக்கம்.

தமிழ் மாவட்டங்களைப் பொறுத்தவரை இது அவ்வளவு நேராக இல்லை. எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்கு மழை தளர்வதுதான் பொதுப்போக்கு. வடகிழக்கு மழைக்கோ அது பெரும்பாலும் சாதகம். நம்மூரை முதலில் அடித்தது 1876 ஐப்பசி, கார்த்திகையில் பொய்த்த மழை. அப்போது பசிபிக் அதன் உச்சச் சூட்டை எட்டியிருக்கவில்லை. உச்சத்தை நெருங்கிய 1877 ஐப்பசியில் இங்கே மழை கொட்டியது. உலக வரைபடத்தில் அழகாகப் பொருந்துகிற விளக்கம் சேலத்து மானாவாரிக் காட்டுக்கு வரும்போது தளர்கிறது. காலநிலைக் கோணம் அவசியம்தான். ஆனால் எந்தப் பருவமழை, எந்த மாதம் என்று கேட்காமல் அதைக் கையில் எடுத்தால் ஹண்டரின் சூரியப் புள்ளிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

தானியத்தின் பக்கம் திரும்பினால் கதை 1873இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு பீகாரில் பஞ்சம் வரும்போல் இருந்தது. பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசியை ஏராளமாக இறக்கினார். சாவு மிகக் குறைவு. பாராட்டு வரும் என்று பார்த்தால், இத்தனை பணத்தைக் கொட்டியிருக்க வேண்டுமா என்ற கண்டனம்தான் வந்தது. 1877 ஜனவரியில் அதே டெம்பிள் பஞ்சப் பிரதிநிதியாகத் தெற்கே அனுப்பப்பட்டபோது அவர் வேறு மனிதர். செலவைக் குறைப்பது என்ற ஒரே உத்தரவோடு வந்தார். அந்த மாதத்தின் முதல் நாளில்தான் டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு பெரிய தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவித்திருந்தார்.

லிட்டனின் கொள்கை, தானிய வியாபாரத்தில் அரசு கைவைக்கக் கூடாது என்பது. விலை ஏறினால் வியாபாரி தானாகத் தானியம் கொண்டுவருவான். கொண்டும் வந்தான். வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த அரிசி சென்னைக் கடற்கரையில் மூட்டை மூட்டையாகக் குவிந்து, ரயில் வண்டிக்காகக் காத்துக் கிடந்தது. சேலம் 1860களின் தொடக்கத்திலேயே ரயில் கண்ட ஊர். ஆகவே தானியம் போய்ச் சேராத ஊர் என்று அதைச் சொல்ல முடியாது. சேர்ந்தது, ஆனால் வாங்கக் காசு இல்லை. காடு காய்ந்தால் நில உடைமையாளனுக்கு விளைச்சல் போகிறது. கூலிக்காரனுக்குக் கூலியே போகிறது. துணி வாங்க ஆளில்லாததால் தறிக்காரனுக்கும் அதே கதி. சேலத்துச் சந்தையில் கம்பும் சோளமும் பழைய விலையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விற்றபோது, அவர்கள் கையில் பழைய வருமானம்கூட இல்லை. 1943 வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்து அமர்த்தியா சென் பின்னாளில் சொன்னதும் இதுதான். ஊரில் உணவு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அது உன் கைக்கு வரும் வழி இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

தஞ்சாவூர் இந்தக் கோணத்தில்தான் புரிகிறது. கீழ்க்காவிரியில் கல்லணையும் கொள்ளிடத்து அணைகளும் இருந்ததால் நெல் விளைந்தது. மேட்டு மாவட்டங்களின் பசி, டெல்டா மிராசுதாருக்கு நல்ல விலையாக மாறியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பஞ்ச ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு 3 லட்சத்து 20 ஆயிரம் டன் கோதுமை ஏற்றுமதியானது என்ற எண் எல்லாக் கட்டுரையிலும் வரும். உண்மைதான், கேட்டால் ரத்தம் கொதிக்கிறது. ஆனால் அது வட இந்தியக் கோதுமை. சேலத்துக்காரன் வாயிலிருந்து பிடுங்கி ஏற்றியது போல் எழுதுவது சரியல்ல. அந்தக் கோதுமையை வாங்கித் தெற்கே அனுப்பியிருக்கலாமே, ஏன் அனுப்பவில்லை என்பதுதான் பொருத்தமான கேள்வி. அதற்கு லிட்டனின் கொள்கைதான் பதில். 1876 கடைசியில் சென்னை அரசு தானாக 30 ஆயிரம் டன் தானியம் வாங்கியபோது கல்கத்தாவில் இருந்த இந்திய அரசு அதை ரசிக்கவில்லை.

மருத்துவக் கோணத்துக்கு வந்தால் முக்கியப் பாத்திரம் மாறுகிறது. இப்போது டபிள்யூ. ஆர். கார்னிஷ். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர். 1871 மக்கள்தொகைக் கணக்கின் அறிக்கையை எழுதியவரும் இவரே. அதாவது, ஜனங்களை உயிரோடு எண்ணிய மனிதரே ஆறு ஆண்டு கழித்து அவர்கள் எப்படிக் குறைகிறார்கள் என்று பார்க்க நேர்ந்தது.

டெம்பிள் நிர்ணயித்த கூலி, வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் சில்லறைக் காசும். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. நிவாரண முகாம்களில் கல் உடைத்து, மண் சுமந்து இதை வாங்க வேண்டும். கார்னிஷ் எதிர்த்தார். குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியம் வேண்டும், காய்கறி வேண்டும், பருப்பு வேண்டும் என்று வாதாடினார். இருவரும் மாறி மாறி எழுதிய குறிப்புகளைப் படிப்பது ஒரு விசித்திரமான அனுபவம். நடுவில் ஒரு கைப்பிடி அரிசியை வைத்துக்கொண்டு, வெயிலில் வேலை செய்யும் உடம்புக்கு அது போதுமா போதாதா என்று இரண்டு கனவான்கள் வாதாடுகிறார்கள். 1877 மார்ச்சில் சென்னை அரசு நடுவாந்திரமாக ஒரு முடிவுக்கு வந்தது. சுமார் 570 கிராம் தானியமும் 43 கிராம் பருப்பும். அந்த இரண்டு மாதத்தில் முகாம்களிலிருந்து எலும்பும் தோலுமாய் வந்தவர்களில் பலர் அந்த நாற்பத்து மூன்று கிராமுக்குக் காத்திருக்க முடியாதவர்கள்.

ஆனால் மருத்துவக் கணக்கில் திடுக்கிட வைப்பது வேறொன்று. பெரும்பாலோர் வெறும் பட்டினியால் சாகவில்லை. காலரா, அம்மை, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். முகாம்களில் ஆயிரக்கணக்கானவர்களை ஒன்றாகக் கூட்டியது காலராவுக்கு வழி திறந்தது. 1877 புரட்டாசி, ஐப்பசியில் மழை வந்து குளங்கள் நிரம்பியபோது கொசு பெருகி மலேரியா எழுந்தது. ஓராண்டு பட்டினி கிடந்த உடம்பு அதைத் தாங்கவில்லை. வானிலைப் பதிவேட்டில் பஞ்சம் மழையோடு முடிகிறது. சாவுப் பதிவேட்டிலோ மழையோடு இன்னொரு அலை எழுகிறது. அதற்குப் பிறகும் முடியவில்லை. 1878இல் குழந்தை பிறப்பு விழுந்தது. பிறக்காத பிள்ளைகளும் 1881 கணக்கில் இல்லாதவர்களோடு சேர்த்திதான்.

அந்தக் கணக்கில் இன்னொரு புதிர். சென்னை மாகாணத்தில் பெண்கள் எண்ணிக்கை ஆண்களைத் தாண்டியிருந்தது. பஞ்சத்தில் ஆண்கள் அதிகம் இறந்தார்கள் என்பது ஒரு விளக்கம். கப்பலேறிப் போனவர்களில் ஆண்களே மிகுதி என்பதும் அதில் கலந்திருக்கிறது. கடைசிக் கவளத்தைப் பிள்ளைக்கும் புருஷனுக்கும் போட்டுவிட்டுத் தாய் பட்டினி கிடந்தாள் என்பது நாம் சொல்லும் கதை. எண்ணிக்கை அந்தக் கதையோடு முரண்படுகிறது. இரண்டும் உண்மையாக இருக்க வாய்ப்பிருக்கிறது. பட்டினி கிடப்பது வேறு, பட்டினியைத் தாங்கும் உடல்வாகு வேறு.

சாதியைப் பேசாமல் கஞ்சித் தொட்டியைப் பேச முடியாது. பொதுவில் சமைத்த கஞ்சியை யார் கையால் வாங்குவது என்பது சாகும் தறுவாயிலும் பலருக்குக் கேள்வியாக இருந்தது. ஆகவே பல இடங்களில் பிராமணச் சமையற்காரர்களை அமர்த்த வேண்டியிருந்தது. அதிகாரிகள் இதைத் தங்கள் அறிக்கைகளில் வியப்போடு எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்கள் அவ்வளவாக எழுதாதது, இந்தக் கேள்வியே எழாதவர்கள்தான் முதலில் செத்தார்கள் என்பது. நிலமில்லாத பண்ணையாட்கள், ஒடுக்கப்பட்ட சாதிகள், அன்றாடக் கூலியில் வாழ்ந்தவர்கள். ஆவணத்தில் அவர்களின் குரல் எங்கே என்று தேடினால், தலைகளின் எண்ணிக்கையாகத்தான் கிடைப்பார்கள். அரசு எதற்கெல்லாம் செலவு செய்ததோ அதற்கெல்லாம் அட்டவணை இருக்கிறது. 1877 செப்டம்பரில் மாகாணத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிவாரணத்தில் இருந்தார்கள் என்று தெரியும். முகாமுக்கு வரும் வழியில் விழுந்தவர்களுக்கு அரசு செலவு செய்யவில்லை, ஆகவே அவர்களுக்கு அட்டவணை இல்லை.

படங்கள் இருக்கின்றன. டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்தவை. எலும்புக்கூடான குடும்பங்களை வரிசையாக உட்கார வைத்து, கேமராவைப் பார்க்க வைத்து எடுத்திருக்கிறார். அன்றைய கேமராவுக்கு அசையாமல் இருக்க வேண்டும். அசையும் தெம்பு அவர்களுக்கு இல்லை. இந்தப் படங்களை இன்று பதாகையாகப் பயன்படுத்துகிறவர்கள், எடுத்து முடித்த பின் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வேளைச் சோறு கிடைத்ததா என்று யோசிப்பதில்லை.

மதக் கோணத்தைச் சுருக்கமாகவே சொல்ல வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் பஞ்சத்தோடு பல ஆயிரம் பேர் கிறிஸ்தவத்தில் சேர்ந்தார்கள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் பிஷப்பாக உயர்ந்த ஆண்டு 1877. கஞ்சிக்காக வந்தவர்கள் நிலைப்பார்களா என்ற ஐயம் மிஷனரிகளுக்கே இருந்தது. மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை சொந்தக் காசில் கஞ்சி ஊற்றினார், அதைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதி அவர்மேல் பாட்டுப் பாடினார் என்பது எல்லோரும் அறிந்த செய்தி.

எனக்கு இன்னும் வேண்டியது வில்லியப்பப் பிள்ளையின் குரல். 1899இல் அச்சான அவருடைய "பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்" தாது வருஷத்தைப் பற்றிய நீண்ட அங்கதக் கவிதை. பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்கள் மதுரைச் சொக்கநாதரிடம் போய் முறையிடுகிறார்கள். அவரோ தன்னால் ஆகாது என்று கையை விரித்து, சிவகங்கை ஜமீனுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுக்கிறார். சாவின் நடுவே சிரிப்பு. அரசு அறிக்கைகளில் ஜனங்கள் பரிதாபத்துக்குரிய கூட்டம். கவிதையில் அவர்களுக்கு வாய் இருக்கிறது, கடவுளையே கேள்வி கேட்கிற வாய். கும்மிப் பாட்டுகளிலும் அப்படித்தான். சாமை விலை, கேழ்வரகு விலை, எந்த ஊரில் எது கிடைத்தது என்று பட்டியல் போட்டுப் பாடுகிறார்கள். அறிக்கை எழுதிய துரைமார்களைப் போலவே இவர்களும் கணக்கு வைத்திருந்தார்கள், தாளம் போட்டு.

கடல் கடந்த கோணத்தில் பஞ்சத்துக்கு முடிவே தள்ளிப்போகிறது. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி பின்னால் கூட்டம் கூட்டமாக ராமநாதபுரம் கரைக்கு நடந்து, படகேறி, இலங்கையின் தலைமன்னாரில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கண்டிச் சீமையில் காப்பித் தோட்டம் இருக்கிறது, வேலை இருக்கிறது என்ற பேச்சு. அந்தக் காப்பிச் செடியின் இலையில் 1869இலேயே துருநோய் விழுந்திருந்தது. 1880களில் காப்பி அழிந்து தேயிலை எழுந்தது, மலையேறியவர்கள் தேயிலையின் ஆட்களானார்கள். 1948இல் இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தை இயற்றியபோது, அவர்களின் பேரப் பிள்ளைகளில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவர்களாக இல்லாமல் போனார்கள். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அவர்களை இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்தது. இலங்கைக்குப் போன எல்லோரும் தாது வருஷத்தில் போனவர்கள் அல்ல, அதற்கு முன்னும் பின்னும் போனார்கள். ஆனால் ஓர் ஊரைப் பெயர்த்துப்போடும் அளவுக்குக் கூட்டம் நகர்ந்தது அப்போது.

நிர்வாகக் கோணத்தில் பஞ்சம் 1880இல் ஒரு நூலாகிறது. ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் பஞ்சக் குழு அறிக்கை தந்தது. அதிலிருந்து பஞ்ச விதித்தொகுப்பு பிறந்தது. எந்த அறிகுறி கண்டால் எந்த மட்டத்து அதிகாரி என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். இனி வரும் பஞ்சத்துக்கென்று ஒதுக்கிய பணம் ஆப்கானிஸ்தான் போருக்குப் போனது என்று அப்போதே கூச்சல் எழுந்தது. சென்னைப் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் டிக்பி நிவாரணக் குழுவின் செயலராக இருந்தவர். பிரிட்டனிலிருந்து வந்த நன்கொடையைப் பங்கிட்டவர், 1878இல் இரண்டு பெரிய தொகுதிகளாகப் பஞ்சத்தை எழுதியவர். அந்த வேலையில் தான் பார்த்தவையே அவரை ஆட்சியின் கடும் விமர்சகராக மாற்றின என்று எனக்குப் படுகிறது. தாதாபாய் நவ்ரோஜி போன்றோர் எடுத்துவைத்த செல்வச் சுரண்டல் வாதத்துக்கு அவர் பின்னாளில் ஆங்கிலேயர் தரப்பிலிருந்தே துணைநின்றார்.

பொறியாளர் கோணமும் ஒன்று உண்டு. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்க 8 கிலோமீட்டர் கால்வாய் வெட்ட வேண்டும் என்பது முன்பே இருந்த யோசனை. பணமும் ஆளும் இல்லாமல் கிடந்தது. 1877-78இல் ஆள் கிடைத்தார்கள், பசித்த ஆட்கள். மாவட்டங்களிலிருந்து பட்டணத்துக்கு வந்து குவிந்தவர்கள் மண்ணைத் தோண்டினார்கள். வெட்டி முடித்ததும் கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். கரையில் தோண்டியவர்களைப் பற்றி ஒரு கல்வெட்டும் இல்லை. இப்போது அந்தக் கால்வாயின் மேல்தான் பறக்கும் ரயில் தூண்களை ஊன்றியிருக்கிறார்கள். சேப்பாக்கத்தில் ஏறி மயிலாப்பூர் வரை போனால், கீழே கறுப்பாகத் தேங்கிக் கிடக்கும் அந்தத் தண்ணீர் வழி நெடுக, ஜன்னலை விட்டு அகலாமல் கூடவே வரும்.